கரண்ட் சைக்கிளா, பழைய மோட்டார் சைக்கிளா? பற்றரியை வைத்து ஒரு கணக்கு

2023 நடுப்பகுதியில் மிதி வைத்த மின்சார சைக்கிள் ஒன்று வாங்கினேன். எங்கள் பக்கத்தில் கரண்ட் சைக்கிள் என்றால்தான் விளங்கும். உருத்திரபுரத்தில் வீடு, கிளிநொச்சி டவுனில் வேலை, போக 9 கிலோமீற்றர், வர 9 கிலோமீற்றர். வாங்கிய நாளிலிருந்து கரடிப்போக்குச் சந்தியில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினால் யாராவது ஒருவர் கிட்ட வந்து ஹாண்டிலைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உண்மையிலயே லாபமோ?" என்று கேட்பார். ஒரு தேத்தண்ணி முடிவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கரண்ட் சைக்கிள் பக்கம். சொந்தக் காசைப் போட்டவன் நடுநிலை என்று நடிக்க முடியாது. ஆனால் ஒருமுறை நன்றாகக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் இந்தப் பக்கமே நிற்கிறேன், அந்தச் சூட்டைப் பற்றித்தான் கீழே அதிகம் இருக்கும்.

வெறும் சைக்கிளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வீட்டில் லுமாலா சைக்கிள் ஒன்று இன்னும் நிற்கிறது. வன்னிக்காரருக்குச் சைக்கிளின் அருமையை யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கண்ணிலேயே படாதபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டோம். ஆனால் இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. வைகாசிக்குப் பிறகு சோளகம் வீசத் தொடங்கினால் காலையில் முதுகில் தள்ளிவிடுகிற அதே காற்று பின்னேரம் வீடு திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துப் பிடிக்கும். ஒரு கிழமை விடாமல் மிதித்துப் பார்த்தேன், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

மிதி இல்லாத, ஸ்கூட்டி போல இருக்கிற மின்சார வண்டியும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரருடையதை ஒரு கிழமை ஓட்டியதுதான் என் அனுபவம், ஆகவே குறைத்தே சொல்கிறேன். ஓட்டம் சுகம், இருக்கை சுகம், ஆள் ஏற்றலாம். ஆனால் இலக்கத் தகடு உள்ள வண்டி என்றால் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வருடா வருடம் வரிப்பத்திரம், ஹெல்மெற் என்று மோட்டார் சைக்கிளின் கட்டாயம் பெரும்பாலும் அதற்கும் உண்டு. அதற்கு மேல் பற்றரிச் செலவு வேறு, அதுவும் என்னுடையதைவிடப் பெரிய பற்றரி. இடைவழியில் சார்ஜ் தீர்ந்தால் மிதித்துக்கொண்டும் வர முடியாது, தள்ளத்தான் வேண்டும். அப்படியே விட்டுவிட்டேன்.

ஆக உண்மையான போட்டி பழைய 100 சிசி மோட்டார் சைக்கிளுக்கும் மிதி வைத்த கரண்ட் சைக்கிளுக்கும்தான். அண்ணனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அதே தூரம்தான் அவரும் ஓடுகிறார், அதனால் கணக்கை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க வசதியாக இருந்தது.

மோட்டார் சைக்கிளின் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நெல்மூட்டை கட்டலாம், முல்லைத்தீவுக்கு ஒரே மூச்சில் போய்வரலாம், எந்தச் சந்தியிலும் திருத்த ஆள் இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம் விற்கிற விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்து வருடமும் ஓடித் தேய்ந்த மோட்டார் சைக்கிள் வாங்கிய விலைக்கு மேலே போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அண்ணன் இன்றைக்கு விற்றாலும் வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசலாம். என் சைக்கிளை விற்கப் போனால் வருகிறவர் முதலில் கேட்கிற கேள்வி, "பற்றரி எத்தனை வருசம்?" என்பதுதான். அதற்குப் பிறகு அவர் சொல்லும் விலை பற்றரியின் மிச்ச உயிருக்கான விலை. சைக்கிளைச் சும்மா கொடுத்தது போலத்தான். இந்த விஷயத்தில் நான் தோற்றுவிட்டேன், வாதாடவில்லை.

அப்படியென்றால் ஏன் வாங்கினேன்? 2022. அந்த வருடம் யூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய். விலையாவது பரவாயில்லை, கிடைக்கவில்லையே. விடிய இரண்டு மணிக்கு வரிசையில் வண்டியை விட்டுவிட்டு அதன் மேலேயே படுத்திருந்தவர்கள் நாங்கள். யூலையில் எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அந்தக் கியூஆர் அச்சடித்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த காலத்தில்தான் இனி எண்ணெய் வரிசையை நம்பி வேலைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டும் இருந்தது என்று யாராவது ஞாபகப்படுத்தினால், ஆம், இருந்தது. ஆனால் மிச்சமுள்ள பதினொரு மணித்தியாலத்தில் ஆறு மணித்தியாலம் கிடைத்தாலே என் பற்றரி நிரம்பிவிடும்.

இனி வரி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "சைக்கிள்தானே, வரி இருக்காது" என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். சுங்கத்தில் அது சைக்கிள் இல்லை. உலகம் முழுக்கச் சுங்கம் பாவிக்கிற பொருள் வரிசையில் வெறும் சைக்கிள் 8712 ஆம் தலைப்பில் வரும். மோட்டர் பூட்டினால், மிதி இருந்தாலும்கூட, 8711 க்குத் தாவிவிடும், அதாவது மோட்டார் சைக்கிள்களின் தலைப்புக்கு. 2017 இலிருந்து மின்சாரத்தில் ஓடுகிறவற்றுக்கு அதற்குள்ளேயே 8711.60 என்று தனி இலக்கம் கொடுத்திருக்கிறார்கள். கப்பலில் வந்து இறங்கும்போதே அது மோட்டார் சைக்கிளின் தம்பிதான்.

றோட்டில் ஏறும்போது கதை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் மோட்டர் 250 வொட்டுக்கு மேற்படாமல், மிதித்தால் மட்டும் உதவி செய்து, 25 கிலோமீற்றர் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொண்டால் அது சைக்கிள். பதிவும் இல்லை, றோட்டு வரியும் இல்லை. இந்தியாவிலும் ஏறக்குறைய அதே 250 வொட், 25 கிலோமீற்றர் கோடுதான். இங்கே கடைகளில் நிற்கிறவற்றில் பல 350, 500 வொட், மிதிக்காமலே முறுக்கினால் ஓடுகிறவை. "லைசென்ஸ் தேவையில்லை அண்ணை" என்று கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு முன் மொடலையும் வொட்டையும் குறித்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களக் கந்தோரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் இரண்டையும் செய்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

வாங்கும்போது கட்டும் வரியை எல்லோரும் பார்க்கிறார்கள், ஒருமுறை கட்டினால் முடிந்தது. எனக்கு வலித்தது அடுத்ததுதான்.

நான் வாங்கியது 48 வோல்ற், 12 அம்பியர்-மணி, ஈயப் பற்றரி. லிதியம் பூட்டிய மொடலுக்கு விலை கூட என்றதால் இதை எடுத்தேன். பேப்பரில் 60 கிலோமீற்றர் ஓடும் என்றிருந்தது, கையில் 35 ஓடியது, எனக்கு 18 போதும், பிரச்சினை இல்லை. ஒரு வருடம் ராசா மாதிரி ஓடினேன். பிறகு மெல்ல மெல்லப் பின்னேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. பதினேழாவது மாதம் ஒரு பின்னேரம் வாய்க்கால் கரையில் அடியோடு நின்றுவிட்டது, மழை வேறு. 16 கிலோ பற்றரியோடு சேர்ந்த அந்தச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த நாள் கராஜில் பற்றரிப் பெட்டியைக் கழற்றினார்கள். உள்ளே செங்கல் அளவில் நாலு கறுப்புப் பற்றரி, ஒன்றோடொன்று தொடுத்தபடி. கராஜ் அண்ணை மீற்றரை ஒவ்வொன்றாக வைத்தார். மூன்று 12.7 வோல்ற் காட்டின. நாலாவது 11.2. "இப்ப முறுக்கிப் பார் தம்பி" என்றார். முறுக்கினேன். மற்ற மூன்றும் கொஞ்சம்தான் இறங்கின, அந்த ஒன்று நேரே 8 க்கு விழுந்தது. மீற்றரை மேசையில் வைத்துவிட்டு, "ஒண்டு செத்தால் நாலும் செத்தமாதிரித்தான். தனிய ஒண்டை மாத்தினால் பழசு மூண்டும் புதுசைத் தின்னும்" என்றார். நாலும் மாற்ற 42,000 ரூபாய்.

ஏன் இவ்வளவு கெதியில் செத்தது என்பதற்குப் பதில் கந்தோரின் தகரக் கொட்டகைதான். ஈயப் பற்றரி 25 பாகையை நினைத்துச் செய்யப்படுவது, அதற்கு மேல் எட்டுப் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பற்றரிக்காரர் எல்லோரும் சொல்கிற கணக்கு. சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போதாததற்கு, அரைகுறை சார்ஜோடு இரண்டு நாள் வீட்டில் விட்டுவிடுகிற பழக்கமும் எனக்கு இருந்தது. ஈயப் பற்றரி வெறுமையாகக் கிடந்தால் தகட்டில் உப்புப் பிடித்து இறுகிவிடும். நாளுக்கு ஒரு சார்ஜ், மாதம் 24 நாள், பதினேழு மாதம், மொத்தம் நானூறு சார்ஜ் அளவு. அந்த வகைப் பற்றரியை ஆழமாக இறக்கி ஏற்றினால் 300 முதல் 500 தடவைதான் வரும் என்று பிறகுதான் அறிந்தேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை.

இப்போது கணக்கு. 42,000 ஐப் பதினேழால் பிரித்தால் மாதம் 2,470 ரூபாய். அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் மாதம் 432 கிலோமீற்றர் ஓட, லீற்றருக்கு 50 என்று வைத்தால், 8.6 லீற்றர், 2025 இல் பெற்றோல் 300 ரூபாயை ஒட்டி நின்ற விலையில் 2,600 ரூபாய். பார்த்தீர்களா? பெற்றோலில் மிச்சம் பிடித்தேன் என்று ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்த காசு முழுவதையும் அந்த நாலு கறுப்புப் பெட்டி தின்றுவிட்டிருக்கிறது. எஞ்சின் ஒயில், புகைப் பரிசோதனை, காப்புறுதி, வரிப்பத்திரம் என்று அண்ணனுக்கு ஆகும் சில்லறைகள் எனக்கு இல்லை, அதில்தான் கொஞ்சம் தப்பினேன்.

அந்தக் கட்டத்தில் விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு லிதியம் விசாரித்தேன், லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகை, 92,000 ரூபாய். தலை சுற்றியது. ஆனால் அந்த வகை இரண்டாயிரம் சார்ஜுக்கு மேல் தாங்கும். ஐந்து வருடம் என்று குறைத்தே வைத்தால் மாதம் 1,533 ரூபாய். மூன்று வருடத்தில் செத்தால் 2,555, ஈயத்துக்கு மேலே போய்விடும். ஆகவே லிதியம் வாங்குகிறவர் மூன்று வருடத்துக்கு மேல் எத்தனை மாதம் ஓடுகிறாரோ அதுதான் அவருடைய லாபம். 2025 தொடக்கத்தில் மாற்றினேன். இன்னும் இளம் பற்றரிதான், ஆகவே ஐந்து வருடக் கதையை நான் அனுபவத்தில் சொல்லவில்லை, கணக்கில்தான் சொல்கிறேன். இதுவரை ஓட்டம் குறையவில்லை, 16 கிலோ இருந்த இடத்தில் ஆறு கிலோகூட இல்லை, கழற்றிக் கந்தோருக்குள் நிழலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன்.

வரி திரும்பவும் இங்கேதான் வருகிறது. வற் என்கிற பெறுமதி சேர் வரி 2022 தொடக்கத்தில் 8 சதவீதம். அந்த வருடம் யூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. 92,000 ரூபாய்க்குள் 18 சதவீத வற் அடங்கியிருக்கிறது என்று வைத்தால் அதில் வற் மட்டும் 14,000 ரூபாய். பழைய 8 சதவீதமாக இருந்தால் ஆறாயிரத்துச் சொச்சம்தான் வந்திருக்கும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 க்குப் பாய்ந்து, பிறகு இறங்கி 300 பக்கம் நின்றது வேறு கதை, அதுவும் இதே விலைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் இது இன்னும் வேடிக்கை. 2019 ஓகஸ்ட்டிலிருந்து மின்சார வண்டிக்கு ஜிஎஸ்ரி, அதாவது அங்கத்தைய சரக்கு சேவை வரி, 5 சதவீதம். மிதிக்கிற வெறும் சைக்கிளுக்கு 2025 செப்டெம்பர் வரை 12 சதவீதம், அதாவது காலால் மிதிப்பவர் கூடக் கட்டினார். ஆனால் அதே மின்சார வண்டிக்குப் பின்னால் மாற்றுவதற்குத் தனியாக லிதியம் பற்றரி வாங்கப் போனால் 18 சதவீதம். சலுகை எல்லாம் வண்டியோடு வருகிற முதல் பற்றரிக்குத்தான், இரண்டாவதுக்கு இல்லை. ஊர் வேறானாலும் பற்றரி மாற்றுகிறவன் பாடு ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு "அப்ப பெற்றோலே மேல்" என்று எழும்பிவிடாதீர்கள். பெற்றோலுக்கும் 2024 ஜனவரியிலிருந்து வற் உண்டு. அண்ணன் மாதம் 2,600 க்கு அடித்தால் அதில் வற் 397 ரூபாய், ஐந்து வருடத்துக்குப் போட்டால் 23,800. அதற்குள் இருக்கிற மற்றத் தீர்வைகளை நான் எண்ணவே இல்லை. அவர் சொட்டுச் சொட்டாகக் கட்டுவதால் தெரிவதில்லை, நான் ஒரே நாளில் 92,000 ஐ எண்ணி வைத்ததால் குலை நடுங்கியது. அதனால் இப்போது மாதம் பிறந்தால் 1,600 ரூபாயை ஒரு பழைய மைலோ ரின்னில் போட்டுவிடுகிறேன். பற்றரி ரின். அம்மா அதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், வைக்கிறார், அது வேறு.

கரண்ட் பில்லில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். ஈயப் பற்றரி நாளுக்கு அரை யூனிட் இழுத்தது, மாதம் 12 யூனிட். எங்கள் வீட்டுப் பாவனை 52. கூட்டினால் 64. வீட்டுப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் மேலதிக நாலு யூனிட்டுக்கு மட்டும் கூட்டி அறவிடுவதில்லை, முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணத்துக்கு மாறிவிடும், நிலைக்கட்டணமும் ஏறும். முதல் மாதப் பில்லைப் பார்த்து மீற்றர் பிழை என்று நினைத்தேன். லிதியம் குறைவாக இழுப்பதால் இப்போது 60 ஐ ஒட்டி நிற்கிறது, மாதக் கடைசியில் மீற்றரை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடுகிறேன். வாங்குவதற்கு முன் உங்கள் கடைசி மூன்று பில்லை எடுத்துப் பாருங்கள். 30, 40 இல் நிற்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை, 100 இல் நிற்கிறவருக்கும் பெரிதாக இல்லை, எங்களைப் போல ஐம்பதில் நிற்கிறவருக்குத்தான்.

மற்றப் பராமரிப்புகள் சின்னது. பின்சில்லில் மோட்டர் இருப்பதால் கிரவல் ஒழுங்கையில் கம்பி முறியும், எனக்கு இதுவரை ஐந்து. காற்றுப் போனால் ஒட்டுக்கடைக்காரர் வயரைக் கண்டு பின்வாங்குவார். சில்லைக் கழற்றாமல் ரயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி ரியூப்பை வெளியே இழுத்து ஒட்டலாம் என்று நானே காட்டிக்கொடுத்தேன், இப்போது அவர் மற்றவர்களுக்குக் காட்டுகிறார். மாரியில் தண்ணீர் அச்சுக்கு மேலே நின்றால் இறக்கித் தள்ளிக்கொண்டு போவேன், மோட்டருக்குள் தண்ணீர் போனால் அது இன்னொரு செலவு. லிதியத்துக்கு மாறினால் பழைய ஈயச் சார்ஜரைத் தூக்கி வைத்துவிடுங்கள், அந்தப் பற்றரிக்கென்று வந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். அப்புறம், சத்தம் இல்லாத வண்டி. இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாடு நீங்கள் வருவதை அறியாது, மணியை அடித்துக்கொண்டே வாருங்கள்.

ஒட்டுசுட்டானில் இருக்கும் தங்கச்சி போன கிழமை எடுத்துக் கேட்டாள், தானும் ஒன்று வாங்கட்டுமா என்று. வேலைக்குப் போக 25 கிலோமீற்றர், வர 25, இடையில் காட்டுப் பக்கம், பின்னால் பிள்ளையையும் ஏற்றவேண்டும். இருக்கிற ஸ்கூட்டியையே ஓட்டு என்றேன். "நீங்கள் மட்டும் கரண்ட்டில ஓடுங்கோ, நான் பெற்றோலில சாகிறன்" என்று போனை வைத்துவிட்டாள். 20 கிலோமீற்றருக்குள் போய்வருகிற ஆளாக இருந்திருந்தால் நானே கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.